சேவியர் பெயரில் ஒரு டிரே

1

வியாழக்கிழமை என்றால் எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆப்பிள் கிரம்பிள். இங்கிலாந்தின் வடக்கே, லீட்ஸ் நகரத்தில், ஒரு ஆரம்பப் பள்ளியின் சமையலறையில் பதினாறு வருடமாக வேலை பார்க்கிறேன். கிரம்பிள் என்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. அடியில் நறுக்கிய பழம், மேலே மைதாவையும் வெண்ணெயையும் சர்க்கரையையும் சேர்த்துப் பிசிறிய தூள். சூட்டில் வைத்தால் பழம் குழையும், தூள் மொறுமொறுப்பாகும். அதன் தலையில் மஞ்சள் கஸ்டர்டை ஊற்றிக் கொடுத்தால் பிள்ளைகள் கிண்ணத்தை வழித்து நக்கிவிட்டுப் போவார்கள்.

பதினாறு வருடத்தில் எத்தனை கிண்ணம் பரிமாறியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஆனால் ஒரு கிரம்பிள் கூட நான் செய்ததில்லை. பழம் டின்னில் வரும். மேல்தூள் மூட்டையில் வரும். டின்னை உடைத்துக் கொட்டு, மூட்டையைப் பிரித்துத் தூவு, உள்ளே தள்ளு, மணி அடித்தால் வெளியே எடு. இதற்குச் சமையல் என்று பெயர். என் வேலைக்குச் சமையல் உதவியாளர் என்று பெயர். ராயபுரத்தில் என் அம்மா இதைப் பார்த்திருந்தால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் சிரித்திருப்பாள்.

போன வியாழக்கிழமை, ஊரிலிருந்து திரும்பி வந்த பிறகு முதல் முறையாக அந்தத் தூள் மூட்டையைப் பிரித்தேன். கை உள்ளே போகவில்லை. உடன் வேலை செய்கிற பெண் உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். இல்லை என்று சொல்லிவிட்டுத் தூவினேன். இந்த ஊரில் அதற்குமேல் யாரும் கேட்க மாட்டார்கள். அது ஒரு விதத்தில் நிம்மதி, ஒரு விதத்தில் தண்டனை. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

2

என் அண்ணன் சேவியர் கன்டெய்னர் டிரைலர் ஓட்டினார். வடசென்னைக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. துறைமுகத்துக்குள் போக எண்ணூர் ரோட்டில் டிரைலர்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். சில நாள் ஆறு மணி நேரம், சில நாள் விடிந்தும் அடைந்தும் அதே இடம். சாப்பாடு, தூக்கம், சவரம் எல்லாம் வண்டியிலேயே. அந்த வரிசையில் நின்றபடிதான் அண்ணன் எனக்குப் போன் பண்ணுவார். இங்கே பதினொன்றரை மணி, பிள்ளைகள் சாப்பிட வருவதற்கு முன் எனக்குக் கிடைக்கிற கால் மணி நேர ஓய்வு. அங்கே சாயங்காலம்.

எப்படி இருக்கிறாய் என்றெல்லாம் கேட்கிற ஆள் இல்லை அவர். இன்றைக்குப் பிள்ளைகளுக்கு என்ன போடுகிறாய் என்பதுதான் முதல் கேள்வி. எங்கள் பள்ளிக்கூடத்தின் வாராந்தரப் பட்டியல் எனக்கு மறந்தாலும் அவருக்கு மறக்காது. திங்கள் பாஸ்தா, வெள்ளி மீன், வியாழன் கிரம்பிள். கிரம்பிளுக்கு அவர் வைத்த பெயர் உதிரி கேக்கு. பூக்கடையில் உதிரிப்பூ இருக்கிறதே, அதுபோல கட்டாத கேக் என்பது அவர் கணக்கு.

அதன்மேல் அவருக்கு அப்படி என்ன ஆசை என்று எனக்குப் புரிந்ததே இல்லை. பாதிநாள் பட்டினியாக வரிசையில் நிற்கிற மனிதருக்குக் கேட்கிற சாப்பாடெல்லாம் ருசிதானோ என்னவோ. ஒவ்வொரு முறையும் ஒரே வேண்டுதல்.

"மூட்டையில வர்றது வாணாம் ஜெசி. வூட்டுக்கு வரும்போது உன் கையால ஒரு தபா செஞ்சு குடு. இத்தினி வருசமா காதாலயே துன்னுகினு கீறேன்."

சரிண்ணா, அடுத்த தடவை என்பேன். இருபது வருடத்தில் நான்கு தடவை போயிருக்கிறேன். ஒரு தடவை சொந்தத்தில் கல்யாணம், ஒரு தடவை அம்மாவின் சாவு, ஒரு தடவை பல் கட்டுவது, ஒரு தடவை ஊட்டி. நான்கு தடவையும் சாமான் வாங்கவும் சொந்தம் பார்க்கவும் நேரம் இருந்தது. அரை மணி நேரம் மைதா பிசிற நேரம் இல்லை. அதை இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

கடைசியாகப் பேசியது ஒரு வியாழக்கிழமை. பேசிக்கொண்டிருக்கும்போதே பிள்ளைகள் வரிசையாக வந்துவிட்டார்கள். அப்புறம் பேசுகிறேண்ணா, இங்கே லைன் வந்துவிட்டது என்றேன். அவர் சிரித்தார். உனக்கும் லைன், எனக்கும் லைன், நாம் எப்போதுதான் உட்காருவது என்று கேட்டார். நான் போனை ஏப்ரனுக்குள் போட்டேன்.

3

அடுத்த செவ்வாய்க்கிழமை, அதே ரோட்டில், முன்னால் இருந்த வண்டி நகர்ந்தது. அண்ணன் வண்டி நகரவில்லை. பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்துப் பார்த்திருக்கிறார்கள். தூங்கிவிட்டார் என்று நினைத்து ஒருவர் படியில் ஏறிக் கதவைத் தட்டியிருக்கிறார். ஸ்டியரிங்மேல் கை இருந்ததாம். ஐம்பத்தேழு வயது.

லூர்து அண்ணி போன் பண்ணிச் சொன்னபோது நான் யோசிக்காமல் சொன்னது ஒன்றுதான். "நான் வர்ற வரைக்கும் எடுக்காதீங்க அண்ணி. நாளைக்கே கிளம்புறேன்."

எங்கள் பக்கத்தில் இந்த ஒரு வார்த்தைக்கு எவ்வளவு பலம் என்று உங்களுக்குத் தெரியும். வெளிநாட்டிலிருந்து கூடப்பிறந்தவள் வருகிறாள் என்றால் தெருவே காத்திருக்கும். ஐஸ் பெட்டி கொண்டுவந்து வைப்பார்கள், பந்தல் போடுவார்கள், பிளாஸ்டிக் நாற்காலிகளைப் பிரிக்காமல் விட்டுவைப்பார்கள். அண்ணனுக்கும் அண்ணிக்கும் பிள்ளைகள் இல்லை. கூடப்பிறந்தவள் நான் ஒருத்திதான். காத்திருந்தார்கள்.

நான் அதற்கு நான்கு மாதம் முன்புதான் இந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியிருந்தேன். புது பாஸ்போர்ட் கையில் இருந்தது. அதை வைத்துக்கொண்டு நான் பிறந்த ஊருக்குப் போக விசா வேண்டும். விசா வேண்டுமானால் பழைய பாஸ்போர்ட்டை ஒப்படைத்த சான்று வேண்டும். பழையதில் என் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர், புதியதில் வீட்டுக்காரர் பெயர். இரண்டும் ஒரே ஆள்தான் என்று யாராவது எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுப்பவர் திங்கட்கிழமைதான் வருவார். விசா அலுவலகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்ணிடம் அண்ணன் செத்துக் கிடக்கிறார் என்று சொன்னேன். அவள் உண்மையாகவே வருத்தப்பட்டாள். வருத்தப்பட்டுக்கொண்டே அடுத்த படிவத்தை நீட்டினாள். நாற்பத்தெட்டு வயதில் என் அப்பா பெயரும் என் வீட்டுக்காரர் பெயரும் நடுரோட்டில் சண்டை போட்டுக்கொண்டு என்னை நிறுத்திவைத்ததுபோல இருந்தது.

அலுவலகத்தைத் திட்டிவிட்டு இதோடு நிறுத்தியிருந்தால் எனக்கு வசதிதான். ஆனால் நடந்தது அது மட்டும் இல்லை. முதல் நாள் அண்ணி கேட்டபோது நாளைக்கு வந்துவிடுவேன் என்றேன். இரண்டாம் நாளும் அதையே சொன்னேன். அன்று மத்தியானமே எனக்குத் தெரிந்துவிட்டது, முடியாது என்று. அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லிவிட்டால் அண்ணனை நானே புதைத்ததாகிவிடும் என்று ஒரு பைத்தியக்கார நினைப்பு. மூன்றாம் நாள் அண்ணியின் போன் ஆறு தடவை வந்தது. மேஜைமேல் வைத்து, அது அதிர்வதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எடுக்கவில்லை.

அன்று சாயங்காலம் அண்ணனை எடுத்துவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் அனுப்பிய வீடியோவில்தான் பார்த்தேன். அதற்கப்புறம் அண்ணி எனக்குப் போன் பண்ணவில்லை. நான் பண்ணினாலும் எடுக்கவில்லை.

என்னைப்போல வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கியவர்கள் விசா இல்லாமல் ஊருக்கு வந்துபோகத் தருகிற அட்டை பிறகு எனக்கு வந்துவிட்டது. வந்தும் ஏழு மாதம் நான் போகவில்லை. அதற்கு எந்த அலுவலகமும் காரணம் இல்லை.

4

முதல் கல்லறைத் திருநாளுக்காவது போயே ஆகவேண்டும் என்று, இலையுதிர்கால விடுமுறையோடு நான்கு நாள் சம்பளமில்லாத லீவையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போனேன். தனியாகத்தான். வீட்டுக்காரருக்கு பஸ் ஓட்டுகிற வேலை, லீவு இல்லை. மகள் ஷெரின் காலேஜில் இருந்தாள். அவள் மாமாவை இரண்டே தடவைதான் பார்த்திருக்கிறாள். வர வேண்டும் என்று நான் கட்டாயப்படுத்தவும் இல்லை, அவள் கேட்கவும் இல்லை.

சர்ச்சுக்குப் பின்னால் உள்ள அதே இரண்டு அறை வீடு. நான் பிறந்த வீடு, இப்போது அண்ணி மட்டும் இருக்கிற வீடு. கதவைத் திறந்த அண்ணி என்னைப் பார்த்தார். பெட்டியின் கைப்பிடியை என் கையிலிருந்து வாங்கி உள்ளே இழுத்து வைத்தார். வா என்று சொல்லவில்லை. கால் மணி நேரத்தில் தட்டு வந்தது. சோறு, நெத்திலிக் குழம்பு, எனக்குப் பிடிக்கும் என்று மாங்காய் போட்டது. பேச்சு இல்லை, சாப்பாடு உண்டு. எங்கள் ஊர்க் கோபம் அப்படித்தான் இருக்கும்.

அதோடு நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருபது வருடப் பழக்கம், தட்டை வாங்கும்போதே "தேங்க்ஸ் அண்ணி" என்று வந்துவிட்டது. இங்கே பஸ்ஸிலிருந்து இறங்கும்போது டிரைவருக்குக்கூடச் சொல்கிற வார்த்தை. அண்ணி ஒரு கணம் நின்றார். ஹோட்டலில் சாப்பிடுகிறவள் பேசுவதைக் கேட்டதுபோல என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

இரண்டு நாள் இப்படியே போனது. அண்ணி காலையில் துணிக் கம்பெனிக்கு ஷேர் ஆட்டோவில் போவார், வருவார். என்னிடம் சொல்ல வேண்டியதைச் சுவரிடம் சொல்வார். தண்ணி லாரி வரும், மோட்டார் போடணும் என்பதெல்லாம் சுவருக்கு. திருநாளுக்கு முந்தின நாள் சுவரைப் பார்த்துச் சொன்னார், "கல்லறைக்கு நான் பிரியாணி எடுத்துகினு போறேன். வேற யாரும் எதுனா செய்யறதுன்னா செய்யலாம்."

வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் சனங்கள் அன்றைக்குக் கல்லறையைக் கழுவி, பூப்போட்டு, மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, செத்தவருக்குப் பிடித்த சாப்பாட்டையும் வைப்பார்கள். ஒருவருக்குப் பிரியாணி, ஒருவருக்கு வஞ்சிரம் வறுவல், ஒருவருக்கு பீடிக்கட்டு. சர்ச் சாமியாருக்கு இதில் இஷ்டமில்லை, வருடாவருடம் பிரசங்கத்தில் சொல்வார். சனங்கள் பக்தியாகக் கேட்டுக்கொண்டு, ஆமென் சொல்லிவிட்டு, கூடையைத் திறப்பார்கள்.

நான் என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு அண்ணி சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

5

எப்படிச் செய்வது என்றுதான் தெரியவில்லை. ஷெரினுக்குச் செய்தி அனுப்பினேன். அவளுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும்.

அது ஒரு பழைய கதை. அவளுக்குப் பதினோரு வயதில், பள்ளிக்கூடத்தில் கிரம்பிள் சொல்லிக் கொடுத்து, வீட்டில் செய்து பார்க்கச் சொல்லியிருந்தார்கள். எங்கள் வீட்டு ஓவனை நான் ஒருநாளும் ஓவனாகப் பார்த்ததில்லை. தோசைக்கல், இரும்பு வாணலி, இட்லிப் பானை, எல்லாம் அதற்குள்தான் இருந்தது. இங்கே இருக்கிற பாதித் தமிழ் வீடுகளில் அதுதான் பாத்திர அலமாரி. இதையெல்லாம் யார் வெளியே எடுத்து வைப்பது, ஒரு உப்புமா கிண்டித் தருகிறேன், போ என்றேன். அவள் பக்கத்துத் தெரு சிநேகிதி வீட்டில் செய்தாள். அங்கேயே சாப்பிட்டாள். அதற்கப்புறம் நிறைய விஷயங்களை அங்கேயே செய்துகொண்டாள். பிள்ளைகள் நம்மைவிட்டுப் போகிற நாளை யாரும் நாள்காட்டியில் குறித்துவைப்பதில்லை, ஆனால் எனக்கு அந்த நாள் இதுதான் என்று தோன்றும்.

ஷெரின் குரல் செய்தியாக அனுப்பினாள். அவளுடைய தமிழில் சொற்கள் எங்கெங்கோ இடித்துக்கொண்டு வரும். "அம்மா, புளிப்பு ஆப்பிள் வேணும். பட்டர் கோல்டா இருக்கணும். விரல்ல மட்டும் தொடு. உள்ளங்கை வேண்டாம். மாவு மண்ணு மாதிரி வரணும்." கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று வந்தது. "யார் சாப்பிடுவா, அம்மா?"

கல்லறைக்கு என்று எழுதினேன்.

பழவண்டிக்காரரிடம் புளிக்கிற ஆப்பிள் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எல்லாரும் இனிக்குமான்னு கேட்டுதான்க்கா சண்ட போடுவாங்க" என்றார். இனிப்பானதையே வாங்கி எலுமிச்சம்பழம் பிழிந்துகொள்ளலாம் என்று முடிவு செய்தேன். மைதா, சர்க்கரை, வெண்ணெய், கொஞ்சம் பட்டை எல்லாம் தெருமுனைக் கடையிலேயே கிடைத்தது.

திருநாளன்று காலையில் உட்கார்ந்து பிசிறினேன். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தும் அறைக்குள் புழுக்கம். ஷெரின் சொன்ன மாதிரிதான் விரல் நுனியால் தொட்டேன். வெண்ணெய் இரண்டே நிமிடத்தில் உருகி, மாவு சப்பாத்திக்குப் பிசைந்ததுபோல ஒரே உருண்டையாகிவிட்டது. லீட்ஸ் குளிருக்குச் சொன்ன கணக்கு ராயபுரத்தில் பலிக்கவில்லை. அந்த உருண்டையைப் பார்த்ததும் எனக்கு என்மேலேயே ஆத்திரம் வந்தது. ஒரு மனிதர் வாழ்நாள் முழுக்கக் கேட்ட ஒரே பொருள், அதையும் கெடுத்துவிட்டேன்.

அண்ணி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. அன்று அவர் வேலைக்குப் போகவில்லை. உள்ளே வந்து உட்கார்ந்தார். உருண்டையை எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து எடுத்து, இன்னும் ஒரு கை மைதா போட்டு, புட்டு மாவு பிசிறுவது போல இரண்டு கையாலும் உதிர்க்க ஆரம்பித்தார். மாவு மணலாகிக்கொண்டே வந்தது. முடித்ததும் பரண்மேல் ஏறி, அம்மா காலத்து அலுமினிய டிரேயை இறக்கி, துடைத்து என் பக்கம் தள்ளிவிட்டுப் போய்விட்டார்.

6

எங்கள் தெருவில் யார் வீட்டிலும் ஓவன் கிடையாது. அப்போதும் இல்லை, இப்போதும் பெரும்பாலும் இல்லை. எதையாவது சுட வேண்டுமென்றால் கரீம் பாய் பேக்கரிக்குத்தான் கொண்டுபோக வேண்டும். விடியற்காலை ரொட்டி சுட்டு முடித்த பிறகு விறகு அடுப்பில் சூடு தணிந்துகொண்டே வரும். அந்த மிச்சச் சூட்டில் வீட்டு டிரேக்களை உள்ளே தள்ளுவார்கள். கிறிஸ்துமஸ் வந்தால் ராயபுரமே கேக் மாவோடு அங்கே நிற்கும். எல்லா டிரேயும் ஒரே மாதிரி இருப்பதால் ஒரு துண்டுக் காகிதத்தில் பெயர் எழுதி, மைதாப் பசை தடவி விளிம்பில் ஒட்டிவிடுவார்கள். சூட்டில் காகிதம் பழுப்பாகும், எழுத்து நிற்கும். வெந்ததும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். ஒரு வருடம் காகிதம் விழுந்து, யாரோ வீட்டு ரம் ஊற்றிய கேக் எங்கள் வீட்டுக்கு வந்து, அம்மா அது தெரியாமல் மூன்று துண்டு சாப்பிட்டுவிட்டு மத்தியானமெல்லாம் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள்.

கரீம் பாய் அண்ணனின் தோஸ்து. கார்ப்பரேஷன் பள்ளியில் ஒரே பெஞ்ச். இப்போது தாடி முழுக்க வெள்ளை. என்னைப் பார்த்ததும் எழுந்து, ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். அண்ணனைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. டிரேயைப் பார்த்து இது என்ன, மேலே மண்ணு கொட்டிக் கீது என்றார். இங்கிலீஷ்காரன் சாப்பிடுவது என்றேன். சிரித்தார். காகிதமும் பேனாவும் கொடுத்துவிட்டு வேறு யாருக்கோ பன் கட்டப் போனார். நான் எழுதிக் கொடுத்தேன். அவர் பார்க்காமலே பசை தடவி ஒட்டி, நீளக் கட்டையால் டிரேயை உள்ளே தள்ளினார்.

முக்கால் மணி நேரம் ஆகும் என்றார். திருநாள் ஆனதால் கடையில் நல்ல கூட்டம். கல்லறைக்கு எடுத்துப்போக பன்னும் பிஸ்கட்டும் வாங்குகிறவர்கள். நான் ஓரமாக நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சூடான டிரேயைப் பிடிக்கத் துணி கொண்டுவரவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

கரீம் பாய் அடுப்பு வாயைத் திறந்து, டிரேயை இழுத்து மேடையில் வைத்தார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, காகிதத்தைப் பார்த்து, நாற்பது வருடமாகக் கூப்பிட்ட அதே ராகத்தில் கூப்பிட்டார்.

"சேவியரு... யப்பா சேவியரு, உன் டிரே வந்துட்ச்சி."

கூப்பிட்ட பிறகுதான் அவருக்கு உறைத்தது. எனக்கும் அப்போதுதான் உறைத்தது. நான் என் பெயரை எழுதவில்லை. சின்ன வயதில் எங்கள் வீட்டு டிரே ஒவ்வொரு வருடமும் அண்ணன் பெயரில்தான் போகும். மழையில் நின்று வாங்கி வருகிறவர் அவர் என்பதால். கை அதையே எழுதியிருக்கிறது. கடையில் இருந்த பாதிப் பேருக்கு அண்ணனைத் தெரியும். பன் கட்டிக்கொண்டிருந்த கடைப் பையன்கூடக் கையை நிறுத்திவிட்டான். கரீம் பாய் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். எனக்குப் பேச்சு வரவில்லை. இந்த முறையும் வரவில்லை.

"தோ, வந்துட்டேன் பாய்."

என் பின்னாலிருந்து வந்தது அந்தக் குரல். லூர்து அண்ணி. கையில் பழைய துணி இரண்டும் குடையும் இருந்தன. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனார். டிரேயின் ஒரு பக்கம் துணியைச் சுற்றினார், இன்னொரு துணியை என்னிடம் நீட்டினார்.

"பிடி ஜெசி. சுடும்."

ஒரு வருடத்தில் அவர் என்னிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை.

7

பூவும் பிரியாணியும் இருந்த கூடையை வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு காசிமேட்டுக் கல்லறைக்கு ஆட்டோவில் போனோம். டிரே எங்கள் இரண்டு பேர் மடியிலும் பாதிப் பாதி. அண்ணி அதன்மேல் குடையை விரித்துப் பிடித்திருந்தார், எங்கள் தோள் நனைந்தது. ஆட்டோ முழுக்கப் பட்டை வாசனை.

அப்பாவும் அம்மாவும் கிடக்கிற குழியில்தான் அண்ணனும். சிலுவையில் மூன்றாவது வரியாக அவர் பெயர். மற்ற இரண்டும் மங்கியிருக்க, அது மட்டும் பளிச்சென்று இருந்தது. அண்ணி சேற்றை வழித்தார், நான் தண்ணீர் ஊற்றினேன். சாமந்தி போட்டோம். மழையில் மெழுகுவத்தி நிற்கவில்லை. அண்ணி பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்து வைத்தார். டிரேயைத் திறக்கவில்லை. சிமெண்டுத் திட்டில் உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மூணு நாளு ஜெசி," என்றார். என்னைப் பார்க்கவில்லை, சிலுவையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "வாசல்ல ஒரு ஆட்டோ நின்னா எழுந்து எழுந்து ஓடுவேன். ஐஸ் பொட்டிக்காரன் வந்து இன்னிக்கும் ஓணுமாம்மான்னு கேப்பான். நான் அந்தாளாண்ட குந்திகினு, தோ வந்துரும், உன் தங்கச்சி வந்துரும்னு சொல்லிகினே இருந்தேன். கடசீ வரைக்கும் பொய்யி சொல்லித்தான் அனுப்பினேன். வர முடியலன்னு நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னிக்கே எடுத்துருப்பேன்."

"போன் அடிச்சத பாத்துகினே இருந்தேன் அண்ணி. எடுக்கத் தைரியம் இல்ல."

"தெரியும்," என்றார் அண்ணி. "அதான் கோவம்."

இருபது வருடமாக என் வாயில் வராத ஊர்த் தமிழ் அப்போது தானாக வந்ததை நான் பிறகுதான் கவனித்தேன். மன்னித்துவிடுங்கள் என்று கேட்க நினைத்தேன். அதற்கு எனக்கு வந்த வார்த்தை சாரிதான். காலையிலிருந்து மாலைவரை இங்கே யார் காலையாவது மிதித்தால் சொல்கிற வார்த்தை. அதை அங்கே சொல்ல மனம் வரவில்லை. அண்ணியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் விலக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அண்ணி டிரேயின் துணியை எடுத்தார். மேல்தூள் நன்றாகச் சிவந்திருந்தது. ஓரத்தில் ஆப்பிள் சாறு கொதித்து வழிந்து காய்ந்திருந்தது. பழுப்பேறிய காகிதம் இன்னும் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. அண்ணி அதைப் பிய்க்கவில்லை. ஒரு கை அள்ளினார். உதிர்ந்து விரல்களுக்கிடையில் கொட்டியது. வாழையிலையில், பிரியாணிக்குப் பக்கத்தில், சிலுவையை ஒட்டி வைத்தார். பிறகு, வேலை முடிந்து வந்தவரிடம் தட்டை வைத்துக்கொண்டு பேசுவது போல, சத்தமில்லாமல் சொன்னார்.

"இந்தாய்யா. உன் தங்கச்சி வந்துட்ச்சி. கேட்டத செஞ்சு எடுத்தாந்துகீது. துன்னுட்டுத் தூங்கு."

நான் அப்போதுதான் அழுதேன். ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழ வேண்டியதை, ஒரு வருடம் கழித்து, அந்த ஈரத் திட்டில் உட்கார்ந்து அழுதேன். அண்ணி என் முதுகில் கை வைத்துக்கொண்டு, மழை உள்ளே விழாமல் டிரேயின்மேல் குடையைப் பிடித்திருந்தார்.